யார் எடுத்த படம்?

எனக்கு ஒரு வியாதி உண்டு. வைத்திய சாஸ்திரத்தில் அதற்குப் பெயர் கிடையாது. என் சகதர்மிணி மட்டும் "விநியோக ஜுரம்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறாள். நல்ல சங்கீதம் ஒன்று காதில் விழுந்தாலும் சரி, அதிசயமான சலனப்படம் ஒன்றைக் கண்டாலும் சரி, அருமையான புகைப்படம் ஒன்று கைபேசியில் வந்து சேர்ந்தாலும் சரி, அதை உடனே நாலு பேருக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாத வரையில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நாலு பேர் என்பது பேச்சுக்குச் சொன்னது. வாட்ஸ்அப்பில் எங்கள் குடும்பக் குழு ஒன்று, கலாசாலைச் சிநேகிதர்கள் குழு ஒன்று, தெருக்காரர்கள் குழு ஒன்று, சங்கீத ரஸிகர்கள் குழு இரண்டு. (அந்த ரஸிகர்கள் முதலில் ஒரே குழுவாகத்தான் இருந்தார்கள். ஒரு வித்துவானின் நிரவலைப் பற்றி அபிப்பிராய பேதம் ஏற்பட்டு இரண்டானார்கள். நான் இரண்டிலும் இருக்கிறேன்.) 2018-ஆம் வருஷத்தில் வாட்ஸ்அப் கம்பெனியார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் மாற்றி அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். வதந்திகளை ஒடுக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. எங்கள் வீட்டில் மட்டும், "உங்கள் சமாசாரம் கம்பெனி வரையில் எட்டிவிட்டது" என்று அபிப்பிராயப்பட்டார்கள்.

ஜுரம் உச்சத்தில் இருந்த காலத்தில் கோலிக்குண்டு யந்திரம் எனக்குக் கிடைத்தது. நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம். ஒரு பெரிய மர யந்திரம். உள்ளே சக்கரத்துக்குள் சக்கரமாகப் பற்சக்கரங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றுகிறார். எஃகுக் குண்டுகள் வரிசை வரிசையாய் மேலே ஏறுகின்றன. ஏறியவை தாளம் பிசகாமல் ஒவ்வொன்றாய் விழுகின்றன. சில உலோகக் கட்டைகளின் மேல் விழுந்து ஜலதரங்கம் போல் ஒலிக்கின்றன. சில தந்தியின் மேல் விழுகின்றன. சில ஜால்ராத் தட்டின் மேல் விழுகின்றன. யந்திரத்திலிருந்து ஒரு முழுக் கச்சேரியே வெளிவருகிறது. எனக்கு வந்தது அரை நிமிஷத் துண்டு. தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனாலும் மதி மயங்கிப் போனேன். அன்றைக்கு ஐந்து குழுக்களுக்கும் அனுப்பினேன். அதோடு நில்லாமல் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் காட்டுவதற்காகக் கைபேசியுடன் நேரிலேயே போனேன்.

சித்தப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக் கட்டியவர். அரை நிமிஷப் படத்தை நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏண்டா, இதை யார் பண்ணினான்?" என்று கேட்டார்.

"யாரோ ஒரு வெள்ளைக்காரன், சித்தப்பா."

"யாரோவா? இத்தனை பல்லையும் அறுத்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் கோத்தவனுக்கு 'யாரோ' என்றா பேர்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து தேடினேன். அதிகச் சிரமம் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷ வேலைதான். ஸ்வீடன் தேசத்தில் 'விண்டர்காட்டன்' என்னும் வாத்திய கோஷ்டியைச் சேர்ந்த மார்ட்டின் மோலின் என்பவர் அதைச் செய்தவர். பதினான்கு மாதம் அதற்காகவே உழைத்திருக்கிறார். உள்ளே 3,000 உறுப்புகள், குண்டுகள் 2,000. 2016 மார்ச்சு மாதம் படத்தை யூடியூபில் வெளியிட்டார். முழுப் படம் நாலரை நிமிஷம். பிற்பாடு அந்த யந்திரத்தை ஹாலந்து தேசத்தில் யூட்ரெக்ட் நகரில், தாமே இசைக்கும் வாத்தியங்களுக்கென்று உள்ள ஸ்பீல்க்ளாக் மியூஸியத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இவ்வளவையும் சித்தப்பாவிடம் போய் ஒப்பித்தேன். "பதினாலு மாசமா? பரவாயில்லை, கெட்டிக்காரன்தான், நான் இரண்டு வருஷம் என்று நினைத்தேன்" என்றார். மோலின் அவர்களுக்குக் கிடைத்த பாராட்டுக்களில் அதற்கு மேற்பட்டது ஒன்று இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாரம் பெயரும் ஊரும் விசாரித்து அனுப்பினேன். பிறகு பழைய குணம் திரும்பிவிட்டது. நல்ல பொருள் கையில் வந்தவுடன் பிறருக்கு அனுப்ப விரல் துடிக்கிறது. விசாரிப்பதற்குப் பொறுமை இருப்பதில்லை.

சங்கீதக்காரர்கள் இந்த விஷயத்தில் மகா புத்திசாலிகள் என்று எனக்குத் தோன்றுகிறது. யூடியூபில் அலைந்தபோது ஒரு நாள் கோஹர் ஜானின் பழைய இசைத்தட்டு ஒன்று அகப்பட்டது. 1902-ஆம் வருஷம் நவம்பரில், கல்கத்தாவில், கிராமபோன் கம்பெனியிலிருந்து வந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் ஒலிப்பதிவு செய்தார். நம் தேசத்தில் முதன்முதல் இசைத்தட்டில் பதிந்த குரல்களில் கோஹர் ஜானின் குரல் ஒன்று. மூன்று நிமிஷம் போலப் பாடிவிட்டு, முடிக்கிற சமயத்தில் அந்த அம்மாள் கணீரென்று தன் பெயரை இங்கிலீஷில் சொல்லுகிறாள். இது கர்வம் அல்ல. அந்தக் காலத்தில் தட்டு அச்சாவதற்கு ஜெர்மனியில் ஹானோவருக்குப் போக வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கு நம் சங்கீதமும் தெரியாது, பாடகியும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று அவர்கள் தவிக்காமல் இருக்கப் பாடகியே பெயரைச் சொல்லிவிடும் ஏற்பாடு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெழுகுத் தகடு போயிற்று, அரக்குத் தட்டு போயிற்று, கைபேசிக்குள் வந்துவிட்டது அந்தக் குரல். பெயர் மட்டும் கூடவே வருகிறது.

நம்முடைய சாகித்ய கர்த்தாக்கள் அதற்கும் முன்பே இந்த வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தியாகராஜ சுவாமிகள் தம் பெயரையே கிருதியின் சரணத்தில் வைத்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 'குருகுஹ' என்று வைத்தார். சியாமா சாஸ்திரிகள் 'சியாம கிருஷ்ண' என்று வைத்தார். நந்தனார் சரித்திரம் செய்த கோபாலகிருஷ்ண பாரதியாருக்குத் தம் பெயரே முத்திரை. பாடுகிறவன் யாராயிருந்தாலும், எந்த ஊர்ச் சபையாயிருந்தாலும், பெயரை விழுங்கினால் பாட்டின் தாளம் கெட்டுப் போகும். புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் மூலையிலே பெயர் எழுத வேண்டியிருக்கிறது. மூலையில் உள்ளதை வெட்டுவது சுலபம்.

இதை நான் அநுபவத்திலிருந்து சொல்லுகிறேன். வெட்டினவன் நான்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து என் தமக்கை போன் செய்தாள்.

"உன் அத்திம்பேர் படம் எனக்கு வந்திருக்குடா" என்றாள்.

அத்திம்பேர் 2022-இல் காலமாகிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் படம், அக்கா? யார் அனுப்பினார்கள்?" என்றேன்.

"எதிர் வீட்டு மாமி அனுப்பியிருக்கிறாள். கன்றுக்குட்டிப் படம். மேலே 'காலை வணக்கம்' என்று ரோஜாப்பூப் போட்டு எழுதியிருக்கிறது. கீழே வேறே யாரோ ஒருத்தர் பேர் போட்டிருக்கிறது." சற்று நேரம் பேச்சைக் காணோம். பிறகு, "நன்றாய்த்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் ஏன் காணோம்?" என்றாள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்திம்பேர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அவரிடம் ஒரு பழைய யாஷிகா காமிரா இருந்தது. மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு, குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கிற இரட்டைக் கண் காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம், எல்லாம் சதுரம். சுருளுக்கும் ரசாயனத்துக்கும் ஆகிற செலவுக்காக வெற்றிலையை விட்டார், சினிமாவை விட்டார். ஸ்நான அறையின் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, அங்கேயே கழுவி எடுப்பார். அந்தச் சமயங்களில் வீட்டில் ஒருவருக்கும் குளிக்க வழியில்லாமல் அக்காள் படும் பாடு ஒரு தனிக் கட்டுரைக்கு விஷயம்.

1987-ஆம் வருஷம் ஒரு நாள் காவேரியில் அம்மா மண்டபப் படித்துறையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் எல்லாரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள். பூ விற்கும் ஒரு கிழவி மட்டும் ஓடவில்லை. படியில் கட்டியிருந்த ஒரு கன்றுக்குட்டியின் தலைக்கு மேல் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு, தான் தெப்பமாய் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தாள். அதை அத்திம்பேர் எடுத்தார். கிழவியின் முகத்தில் தர்மம் செய்கிற பாவம் எதுவுமே இல்லை. யாரோ ஒருவரை வைதுகொண்டிருக்கிற முகம் அது. அதுதான் அந்தப் படத்தின் அழகு. பிரதி ஒன்று போட்டு, வலப்புற மூலையில் இந்திய மையினால் தம் பெயரையும் வருஷத்தையும் பொடி எழுத்தில் எழுதி, என் விவாகத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். எங்கள் கூடத்துச் சுவரில் அது முப்பது வருஷத்துக்கு மேல் தொங்கிற்று.

2019-இல் ஒரு நாள் எனக்கு ஜுரம் கண்டது. சுவரிலிருந்த படத்தைக் கைபேசியினால் படம் பிடித்தேன். சதுரப் படம் கைபேசித் திரையில் நிறைவாய் இல்லை. மேலும் கீழும் வெறுமையாய்க் கிடந்தது. ஆகவே இரண்டு பக்கத்திலும் வெட்டினேன். வெட்டும்போது வலது மூலையில் இருந்த பெயர் போய்விட்டது. இடது மேல் மூலையில் ஏதோ கறுப்பாய் ஒரு கறை இருந்தது, அதுவும் போயிற்று. எடுப்பாய் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு ஐந்து குழுக்களுக்கும் அனுப்பினேன். 'அபாரம்!', 'தத்ரூபம்!', 'கண்ணில் ஜலம் வந்தது' என்று பதில்கள் வந்து குவிந்தன. அவை ஒவ்வொன்றுக்கும், சொல்ல வாய் கூசுகிறது, நான் கை கூப்பி நன்றி தெரிவித்தேன்.

அத்திம்பேரிடம் அப்போது இந்த மாதிரிக் கைபேசி கிடையாது. நேரில் பார்த்தபோது, "உங்கள் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, அத்திம்பேர்!" என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கண்காட்சியில் கூடப் படம் வைத்து அறியாதவர். "அப்படியா? என் பேர் தெரிகிறதோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நன்றாய்த் தெரிகிறது" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, அக்காளிடம் கூட. அன்று காலை போனைக் கீழே வைத்த பிறகு அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

உடனே படத்தின் வழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகத் தொடங்கினேன். எதிர் வீட்டு மாமிக்குப் பெங்களூரிலிருக்கும் பெண் அனுப்பியது. அந்தப் பெண்ணுக்கு ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் அனுப்பியது. அவருக்கு அவருடைய மாமனார். மாமனாருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. தினமும் நாற்பது ஐம்பது படம் வருகிறதாம். மாற்றி அனுப்பின செய்தி என்றால் அதற்கு ஓர் அடையாளம் போட 2018-இலேயே வாட்ஸ்அப்பில் ஏற்பாடு செய்தார்கள். அந்த அடையாளம் இது கைமாறி வந்தது என்று சொல்லும்; யார் கையிலிருந்து வந்தது என்று சொல்லாது.

அக்காளின் பேத்தி கலாசாலையில் படிக்கிறாள். அவள் வேறு வழி காட்டினாள். படத்தைக் கொடுத்து அதே படம் வேறு எங்கெங்கே இருக்கிறது என்று தேடுகிற வசதி ஒன்று உண்டு. 'டின்ஐ' என்பது 2008-இலும், கூகிளில் 2011-இலும் வந்தவை. தேடினாள். எங்கள் கிழவி பல இடங்களில் நின்றுகொண்டிருந்தாள்! ஓரிடத்தில் அவள் கேரளத்துக் கிழவி. இன்னோரிடத்தில் வங்காளத்துக் கிழவி. வேறோரிடத்தில் அவள் தலைக்கு மேல் தாய்மையைப் பற்றி ஒரு வசனம். எல்லாவற்றிலும் நான் வெட்டின அதே வெட்டு.

"தாத்தா, இப்போதைய காமிராவில் எடுத்த படமாயிருந்தால் உள்ளேயே தேதி, காமிராவின் பெயர், வேண்டுமானால் எடுத்தவர் பெயர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும்" என்றாள் பேத்தி.

"அப்படியானால் இனிமேல் பயமில்லை" என்றேன்.

"செய்தி அனுப்புகிற செயலிகள் படத்தைச் சுருக்கும்போது பெரும்பாலும் அதை உதிர்த்துவிடும்" என்றாள்.

அந்தக் குழந்தைதான் அன்று மாலை பாட்டிக்கு விவியன் மேயர் கதையைச் சொன்னாள். விவியன் மேயர் 1926-இல் நியூயார்க்கில் பிறந்தவள்; சிகாகோவில் பணக்காரர் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியாகக் காலம் தள்ளினாள். ஓய்ந்த நேரமெல்லாம் கழுத்தில் மாட்டின ரோலிபிளெக்ஸ் காமிராவுடன் தெருத் தெருவாய் அலைந்து படம் எடுத்தாள். (அதுவும் அத்திம்பேருடையதைப் போல இரட்டைக் கண் காமிரா என்று கேட்டதும் அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.) ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். அநேகமாய் யாருக்கும் காட்டவில்லை. சாமான்களைப் போட்டு வைத்த கிடங்குக்கு வாடகை கட்ட முடியாமல் போகவே, 2007-இல் அவற்றை ஏலம் விட்டார்கள். ஜான் மாலூப் என்ற இளைஞர் பழைய சிகாகோப் படங்கள் தேவைப்பட்டு ஒரு பெட்டியை ஏலத்தில் எடுத்தார். எடுத்தது யார் என்று தெரியவில்லை. பிற்பாடு, படம் கழுவுகிற கடையின் உறை ஒன்றில் ஒரு பெயர் இருந்தது. 2009 ஏப்ரலில் அந்தப் பெயரை இணையத்தில் தேடினார். கிடைத்தது மரணச் செய்தி! சில நாள் முன்னால்தான் அந்த அம்மாள் இறந்து போயிருந்தாள். அந்த வருஷம் அக்டோபரில் அவர் சில படங்களை 'பிளிக்கர்' என்ற தளத்தில் வெளியிட்டு, இவற்றை என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டார். பார்த்தவர்கள் பார்த்தவர்களுக்குச் சொல்லி, உலகமெல்லாம் அவள் பெயர் பரவிற்று. ஒரே ஓர் உறையில் இருந்த ஒரு பெயர்!

"காட்டாமல் வைத்துக்கொண்டவள் காட்ட வேண்டாம் என்றுதானே வைத்துக்கொண்டிருப்பாள்?" என்று அக்காள் கேட்டாள். அதற்குப் பேத்தியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அத்திம்பேர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் பெயர் தெரிகிறதா என்று வாய் விட்டுக் கேட்டவர்.

பிறர் செய்ததை எடுத்துக் கொடுப்பதிலும் மரியாதையான வழி இருக்கிறது என்பதற்கு குட்டிமன் ஓர் உதாரணம். இஸ்ரேல் தேசத்துச் சங்கீதக்காரர். 2009-இல், யாரோ எங்கோ தனித்தனியே யூடியூபில் போட்ட துண்டுப் படங்களை, தம்புருப் பயிலுகிற பையனைப் போலத் தத்தம் அறையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களின் படங்களை, வெட்டி ஒட்டி, அவர்கள் எல்லோரும் ஒரே மேடையில் கச்சேரி செய்வதுபோல் பாட்டுக்கள் அமைத்தார். வெட்டுவதில் அவர் எனக்குக் குருவாக இருக்கத் தகுந்தவர். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இன்ன துண்டு இன்னாருடையது என்று ஜாபிதா கொடுத்திருந்தார். 2014-இல் அப்படியே சமந்தா மான்ட்கோமரி என்ற ஸ்திரீயின் பாட்டை எடுத்து அமைத்தார். நியூ ஆர்லியன்ஸில் வயோதிகர்களுக்குச் சிசுருஷை செய்து பிழைத்தவள்; பக்க வாத்தியம் இல்லாமல் தானே கட்டின பாட்டைத் தனியாகப் பாடி யூடியூபில் போடுவாள்; கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். முன் பின் தெரியாத வாத்தியங்கள் புடைசூழத் தன் குரல் ஒலிப்பதை அவள் கேட்ட காட்சி, அவளைப் பற்றி எடுத்த டாக்குமெண்டரிப் படத்தில் இருக்கிறது. அதை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை, நேயர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு குட்டிமனோடு டெல் அவீவில் மேடை ஏறியே பாடினாள்.

நான் ஐந்து குழுக்களுக்கும் ஒரு திருத்தம் அனுப்பினேன். படம் இன்னாருடையது, பெயரை வெட்டியவன் அடியேன் என்று முழுப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டாவது ரஸிகர் குழுவிலிருந்து ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். கலைதான் முக்கியம், பெயரில் என்ன இருக்கிறது, நமது கோவில் சிற்பிகள் பெயரா போட்டுக்கொண்டார்கள், இந்தப் பெயர்ப் பைத்தியமெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று எழுதினார். இந்த வாதத்தை நானே பல மேடைகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் பேலூருக்குப் போய்ப் பார்த்தால் ஹொய்சள சிற்பிகள் பதுமைகளின் பீடத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். தாஸோஜன் வெட்டியிருக்கிறான், அவன் மகன் சாவணன் வெட்டியிருக்கிறான். அதுதான் போகட்டும், நம் தஞ்சாவூர்ப் பெரிய கோவிலை எடுத்துக்கொள்ளுவோம். ஆயிரம் வருஷத்துக்கு முன் இராஜராஜ சோழன் ஆட வந்த 400 பெண்டுகளின் பெயர்களை, எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டுக்காரி என்பது உள்படக் கல்லிலே வெட்டி வைத்தான். கோவிலைக் கட்டிய குஞ்சர மல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் அங்கே இருக்கிறது. சக்கரவர்த்திக்கு நானூறு பெயர் எழுதப் பொறுமை இருந்தது. எனக்கு ஒரு பெயரை வெட்டாமல் விடப் பொறுமை இல்லை. பெரியவருக்கு இவ்வளவையும் எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்.

போன மாதம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். கூடத்தில் பாயை விரித்து, அத்திம்பேரின் தகரப் பெட்டியைத் திறந்து, நெகடிவ்களைப் பேத்தி ஒவ்வொன்றாய் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். படத்தின் மேலேயே, கிழவியின் ஈரப் புடைவையும் படியும் சேருகிற இடத்தில், வெட்டினால் படமே பாழாய்ப் போகிற மாதிரிப் பெயரை மெல்லிசாய்ப் பொறிப்பது என்று அவளும் நானும் தீர்மானித்தோம். எனக்கு அப்போதும் அந்த இடது மேல் மூலைக் கறை உறுத்திற்று. "இதையாவது எடுத்துவிடலாமே, அக்கா, ஏதோ தூசி" என்றேன்.

அக்காள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள்.

"தூசியா? அசடே! அது என் குடைடா. கொட்டுகிற மழையில் காமிரா நனையாமல் உன் அத்திம்பேர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நினைத்தாய்? நான் முழுக்க நனைந்து, மூன்று நாள் ஜுரம். குடை உள்ளே வந்துவிட்டது என்று அதற்கும் என்னைத்தான் கோபித்துக்கொண்டார்."

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, இரண்டாவது பெயருக்கு இடம் பண்ணத் தொடங்கினாள்.